மலைக்கு அந்தப் பக்கம் லினக்ஸ், இந்தப் பக்கம்?

லோயர் கேம்ப்பில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் குமுளி வந்துவிடும். பெரியாறு மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் நான்கு பெரிய குழாய்கள் கண்ணை விட்டு மறைவதற்குள் வளைவுகள் தொடங்கிவிடும். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் மலையாளம். பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படாத இன்னொரு மாற்றமும் அங்கே உண்டு. அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை கணினியைத் திறந்தால் வருவது கைட் குனு/லினக்ஸ் என்ற இயங்குதளம். யாருக்கும் உரிமக் கட்டணம் கட்டாமல், யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மென்பொருள் அது. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கணினி என்றாலே விண்டோஸ்தான். இத்தனைக்கும் தமிழ்நாடு அரசு இந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்த லேப்டாப்புகளிலேயே லினக்ஸ் இருந்தது. இருந்தும் யாரும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைப் பேச வேண்டிய நேரம் இது.

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. ஆனால் அதற்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கூடாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும் என்று அது வரிசையாகக் கேட்கிறது. இதனால் உலகம் முழுக்க 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் முன்கூட்டியே கணக்குச் சொன்னது.

அந்தக் கணக்கில் நம் வீடுகளும் இருக்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பிறகு வந்தவற்றில் 4 ஜிபி. இவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த லேப்டாப்பின் மதிப்பு என்ன என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களின் வீடுகளில் நுழைந்த முதல் கணினி அது. பல வீடுகளில் இன்றுவரை அதுதான் ஒரே கணினி. அரசு கொடுத்த அதே பையில், பீரோவின் மேல், பள்ளிச் சான்றிதழ்க் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும். பேட்டரி செத்திருக்கும், சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். ஆன் செய்து டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பழுது என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் பழுது ஒன்றும் இல்லை. அது தாங்கக்கூடிய சுமையைவிட அதிகமான சுமையை வருடா வருடம் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான்.

கொஞ்சம் காசு புரட்டக்கூடியவர்கள் கம்பத்துக்கோ தேனிக்கோ எடுத்துப்போய், “ஓ.எஸ். போட்டுக் கொடுங்க” என்று கடையில் கொடுக்கிறார்கள். கடைக்காரர் ஃபார்மட் அடித்து, மறுபடி விண்டோஸே போட்டுத் தருகிறார். அதற்கு உரிமம் கிடையாது என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் ஓரளவு தெரியும். உரிமம் இல்லாததை உரிமம் இருப்பதுபோல் காட்ட ஒரு குட்டி நிரலை ஓட்டுவார்கள். அது ஓட வேண்டுமானால் முதலில் வைரஸ் தடுப்பை அணைக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே கணினியில் நெட் பேங்கிங் திறக்கிறோம். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைத்தான் அவர் கொடுக்கிறார். வேறொன்றைக் கேட்கலாம் என்று கேட்கிறவருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மின்வாரியக் குடியிருப்புக்குப் பின்தெருவில் ஒரு பெண், டிகிரி முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, “அண்ணே, இதை எடைக்குப் போட்டுடலாமான்னு அம்மா கேக்குது” என்றாள். எடைக்குப் போடும் முன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பு. இணையத்திலிருந்து இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. நகரத்தில் இதை யாரும் பொருட்டாக நினைக்க மாட்டார்கள். நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று போனில் ரீசார்ஜ் செய்து வாழும் வீட்டுக்கு இதுதான் முதல் தடை. ஒரு நாள் டேட்டாவில் அடங்காது. பாதியை இன்று இறக்கி, மீதியை நாளை தொடர வேண்டும். ஒரே ஆறுதல், ஒருவர் இறக்கினால் போதும். தெருவுக்கே நகலெடுத்துக் கொடுக்கலாம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை; கொடுக்கச் சொல்லித்தான் அந்த உரிமமே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கோப்பை ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை ஆன் செய்யும்போதே எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டிருந்தோம். சில மாடல்களில் எஃப்2, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்கட்டும் என்று பட்டியல் வந்ததும் பென் டிரைவைக் காட்டினால், முழு இயங்குதளமும் அதிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் முதலில் சற்று மெதுவாகத்தான் வரும். திரை வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அப்ப உள்ள இருக்குற போட்டோ எல்லாம் போயிருச்சா?” போகவில்லை. ஹார்டு டிஸ்க்கை இன்னும் தொடவே இல்லை. நிறுத்திவிட்டு பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே திரும்பி வரும் என்று செய்து காட்டினேன். அப்புறம்தான் அவள் முகத்தில் பயம் போனது. புதிய இயங்குதளத்தை வீட்டில் முயன்று பார்ப்பதில் மக்களைத் தடுப்பது கஷ்டம் அல்ல, இருப்பதும் போய்விடுமோ என்ற பயம். எதையும் இழக்காமல் ஒத்திகை பார்க்க இப்படி ஒரு வழி 20 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து வந்தவை நேரான கேள்விகள். நெட்டுக்குப் போகுமா, பிரிண்ட் எடுக்கலாமா, தமிழில் டைப் அடிக்கலாமா. வைஃபை சில்லை அது அடையாளம் காணவில்லை. இது லினக்ஸில் இன்னும் அங்கங்கே இருக்கிற தொல்லை; மறைத்துப் பயனில்லை. போனை சார்ஜர் வயரால் இணைத்து, யூ.எஸ்.பி. டெதரிங் போட்டதும் இணையம் வந்தது. பிறகு நிறுவியபோது, டிரைவர் மேலாளர் என்ற பகுதியே தேவையான துணுக்கைத் தேடிப் போட்டுக்கொண்டது. தமிழுக்கு, ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழ்99-ஐச் சேர்த்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. பெரும்பாலான லினக்ஸ்களில் காசில்லாமல் கிடைக்கிறது. பிரிண்டர் அவள் வீட்டில் இல்லை, பி.டி.எஃப். ஆக்கி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினால் போதும். தேர்வாணைய இணையதளம், யூடியூப் வகுப்பு, பழைய வினாத்தாள் என அவள் தேவையில் முக்கால்வாசி பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சுற்றிக்கொண்டிருந்த அந்த வட்டம் இப்போது இல்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் விரைவாக ஓடும்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கம்பம் திராட்சைக் கமிஷன் மண்டியிலும் போடி ஏலக்காய்க் கடையிலும் கணக்கு டேலியில் இருக்கிறது; டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையும் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையும் ஃபோட்டோஷாப்பையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் நம்பி நிற்கின்றன. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கோப்பை லினக்ஸோடு வரும் லிப்ரே ஆஃபீஸில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாதவரை புரியாத ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். விண்டோஸிலும் இதே கதைதான் என்றாலும், பழி புதிதாக வந்தவன் மேல்தான் விழும். அவர்கள் அவர்களுடைய வழியில் போகட்டும். நான் பேசுவது படிக்கிற பிள்ளைகளின் வீட்டைப் பற்றி. அங்கே வேண்டியவை பிரவுசர், எழுதும் பக்கம், கணக்குத் தாள், கொஞ்சம் படம், கொஞ்சம் நிரல். இவை எதற்கும் விண்டோஸ் கட்டாயம் இல்லை.

இருந்ததும் மறைந்ததும்

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், தம் அலுவலகக் கணினிகளை சுசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் வந்தது. நாடு முழுவதும் பேசப்பட்ட முயற்சி அது. அவர் வேறு பொறுப்புக்குப் போன பிறகு அந்த வேகம் இல்லை. அதே 2007 ஜனவரியில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளியானது. தமிழ் உட்பட இந்திய மொழிகளை மனத்தில் வைத்து, டெபியனை அடித்தளமாகக் கொண்டு செய்தது. விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும். எது வேண்டும் என்று கேட்கும்.

அந்தக் கறுப்புத் திரை என்ன என்று பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? ஏதோ கோளாறு என்று பயந்து, அதை நீக்கித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன். கடையில் முதல் வேலையாக பாஸ் இருந்த பகுதியை அழித்து, அந்த இடத்தையும் விண்டோஸுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். பொதுப் பணத்தில் வாங்கி, பிள்ளையின் வீடுவரை கொண்டுவந்து சேர்த்த ஒரு பொருள், பிரித்துப் பார்க்கும் முன்பே குப்பைக்குப் போனது. டெண்டரில் அதற்கு ஒரு வரி இருந்தது. பள்ளியில் அதற்கு ஒரு பீரியட் இல்லை.

பாடநூல் எழுதியவர்கள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. சொல் செயலியும் அட்டவணைச் செயலியும் ஓப்பன் ஆஃபீஸை வைத்துத்தான் சொல்லித் தரப்படுகின்றன. ஆனால் லேபில் எதை வைத்து நடத்துவது என்பது ஆசிரியர் கையில், ஆசிரியருக்கு எது பழக்கம் என்பதன் கையில் போய்விடுகிறது. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் அரசுப் பள்ளிகளில் பணியிடம் கேட்டுப் பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணினி சொல்லித் தருவதற்கென்றே ஒரு ஆசிரியர் இல்லாத பள்ளியில், எந்த இயங்குதளம் என்ற கேள்வியே எழாது.

குமுளிக்கு அப்பால் என்ன செய்தார்கள்

கேரளம் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியபோது அங்கேயும் விண்டோஸ்தான். பாடத்திட்டம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றி இருக்கிறதே என்று கேட்டவர்களில் ஆசிரியர் அமைப்புகளும் இருந்தன. இதுதான் முக்கியம். மாற்றம் மேலிருந்து வந்த ஆணை அல்ல; ஆசிரியர்களே கேட்டு வாங்கியது. 2005-ஐ ஒட்டிப் பத்தாம் வகுப்பில் ஐ.டி. கட்டாயப் பாடமானது, செய்முறைத் தேர்வும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழுக்கள் பள்ளிகளில் தொடங்கின. ஒரு கணினி மக்கர் செய்தால் முதலில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அந்தப் பிள்ளைகள்.

2019-இல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இதைப் போடுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் சொன்னது. ஒவ்வொரு மென்பொருளையும் கடை விலையில் வாங்கினால் என்னவாகும் என்று போட்ட கணக்கு அது. அப்படி எந்த அரசும் வாங்காது என்று வாதாடலாம். எனக்கு அந்தத் தொகை பெரிதாகப் படவில்லை. அவர்களுடைய பத்தாம் வகுப்பு ஐ.சி.டி. பாடநூலில் இன்க்ஸ்கேப்பில் படம் வரைவது, கியூஜிஸ் கொண்டு வரைபடம் வாசிப்பது, பைத்தானில் நிரல் எழுதுவது எல்லாம் இருக்கின்றன. பள்ளியில் கற்ற அதே மென்பொருளைப் பிள்ளை பென் டிரைவில் கொண்டுபோய் வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளலாம். கள்ளத்தனம் எதுவும் தேவையில்லை. இதற்கு விலை போட முடியாது.

அங்கே ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் குறித்து ஒரு ஆசிரியர் இருக்கிறார். அவர் கணினி அறிவியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கணக்கு வாத்தியாராகவோ மலையாள டீச்சராகவோ இருப்பார். அவருக்குச் சந்தேகம் வந்தால் மாவட்டத்தில் மாஸ்டர் டிரெய்னர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் பயிற்சி நடக்கிறது. பீர்மேட்டிலும் மூணாறிலும் தமிழ்வழியில் படிக்கிற தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அதே ஐ.சி.டி. பாடநூல் தமிழிலும் வருகிறது. நம் பிள்ளைகள் பேசுகிற அதே மொழியில், மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பாடம் வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் நடந்ததும் இதையே சொல்கிறது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2004-இல் தொடங்கிப் பல்லாயிரம் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. மேயர் மாறி, அரசியல் மாறி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதைக் காட்டி லினக்ஸ் தோற்றுவிட்டது என்றார்கள். அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல், அரசுத் துறையின் சுமார் 30,000 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை எடுத்துவிட்டு லிப்ரே ஆஃபீஸ் போட முடிவெடுத்தது. லினக்ஸையும் அடுத்து வைத்திருக்கிறது. மென்பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பின்னால் நின்று தாங்குகிறவர்கள் இருக்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு. எல்காட்டில் ஒரு அதிகாரியை நம்பி நின்றது அவரோடு போனது. கேரளத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை நம்பி நிற்கிறது. ஆட்சிகள் மாறின, அது நின்றது.

“வேலைக்குப் போனால் எல்லா இடத்திலும் விண்டோஸ்தானே, அதைப் பழக்காமல் பிள்ளையைக் கெடுக்காதீர்கள்” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கவலை. அதற்கு என் பதில் இதுதான். அலுவலக மேசையில் விண்டோஸ் இருப்பது உண்மை. ஆனால் அந்த அலுவலகத்தின் இணையதளம் ஓடும் சர்வரில் பெரும்பாலும் லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கிய அந்தக் கருநிரல்தான் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற அம்மாவின் ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது. சென்னைக்கோ கோவைக்கோ கணினி வேலைக்குப் போகிற நம் பிள்ளை முதல் வாரத்திலேயே லினக்ஸ் கட்டளைத் திரைக்கு முன் உட்கார வேண்டி வரும். வீட்டில் அதை ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளை அங்கே திணறும். ஆங்கிலமும் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து அழுத்தும். நகரத்துப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இருக்கிற தூரத்தில் ஒரு பகுதியை, வீட்டில் சும்மா கிடக்கிற இயந்திரத்தை வைத்தே குறைக்க முடியும்.

இப்போது செய்ய வேண்டியவை

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி கொடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்து, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2026 ஜனவரியில் லேப்டாப்புகள் கொடுக்கத் தொடங்கினார்கள். விண்டோஸ் 11-உடன் இந்த முறையும் பாஸ் லினக்ஸ் உள்ளே இருக்கிறது. 15 ஆண்டுக்கு முன் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. கல்லூரிக்கு ஒரு பேராசிரியரை இதற்கென்று பெயர் குறித்து நியமிக்க வேண்டும். லேப்டாப் கொடுக்கிற அன்றே, மேடைப் பேச்சு முடிந்த பிறகாவது, அந்த இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் ஒருமுறை திறக்கட்டும். அரைமணி நேர வேலை. தமிழ்நாட்டில் எந்தச் செய்முறைத் தேர்விலும் லிப்ரே ஆஃபீஸில் செய்து காட்டினால் முழு மதிப்பெண் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை வர வேண்டும். பிள்ளைகளும் ஆசிரியர்களும் மதிப்பெண் இருக்கிற பக்கம்தான் திரும்புவார்கள். அதில் தப்பு இல்லை.

பள்ளிக்கல்வித் துறைக்கு, குறிப்பாகத் தேனி மாவட்ட அதிகாரிகளுக்கு, ஒரு வேண்டுகோள். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழியில் ஐ.சி.டி. நடத்துகிற ஆசிரியர்களை ஒரு மே மாத விடுமுறையில் கூடலூருக்கோ கம்பத்துக்கோ அழைத்து, நம் ஆசிரியர்களோடு ஒரு வாரம் உட்கார வையுங்கள். முல்லைப் பெரியாறு என்றால் இரண்டு அரசுகளும் நீதிமன்றத்தில் நிற்கின்றன. அது தீரும்போது தீரட்டும். ஆசிரியரும் ஆசிரியரும் சந்திப்பதற்கு எந்த வழக்கும் தடையில்லை. பாடநூல் தமிழில் இருக்கிறது, மென்பொருளுக்குக் காசு இல்லை, சொல்லித் தர ஆள் பக்கத்து ஊரில். இவ்வளவு சாதகமான இடம் தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்கள் பலவற்றுக்கு இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் போட்டோ, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் இன்னொரு டிரைவில் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள். 2 ஜிபி ராம் உள்ள பழைய இயந்திரமாக இருந்தால் எக்ஸ்.எஃப்.சி.இ. அல்லது எல்.எக்ஸ்.கியூ.டி. முகப்புள்ள இலகுவான பதிப்பே போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. விண்டோஸ் 11 வந்த புது லேப்டாப் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் பயாஸ் அமைப்பில் கை வைக்காதீர்கள். தமிழில் படித்துக் கற்க 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. அதே குழுவினர் எளிய தமிழில் எழுதிய லினக்ஸ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் தமிழிலேயே கூடுகிறது. எங்கே சிக்கியது என்று அங்கே கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்கிறது.